பெருமாளுக்குக் கொடுத்த முன்பணம்

மூச்சுக்கு விலை நாலாயிரத்து எண்ணூறு ரூபாய். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்தால் நூறு ரூபாய் தனி.

திருப்பாதிரிப்புலியூரில் ஒரு செருப்புக் கடைக்கும் ஒரு அடகுக் கடைக்கும் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்திருந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில்தான் இந்த விலை சொல்லப்பட்டது. சொன்னவன் கழுத்தில் அடையாள அட்டை தொங்கிய சித்தார்த். கேட்டவர் கலியமூர்த்தி. கடலூரில் வீடு, பண்ருட்டி மண்டியில் பிழைப்பு. பலாப்பழம் விற்கிறவனுக்கும் வாங்குகிறவனுக்கும் நடுவில் நின்று விலை முடித்துக் கொடுக்கிற தரகர். தன் கல்யாணத்தன்று நாதஸ்வரக்காரரிடம் ஐம்பது ரூபாய் குறைத்த பிறகுதான் மணவறையில் போய் உட்கார்ந்தார் என்று மண்டியில் ஒரு பேச்சு உண்டு. அதை அவர் மறுத்ததில்லை. குறைத்தது நூறு என்று திருத்தியிருக்கிறார்.

"என்னா டெஸ்ட்டு தம்பி இது, இந்த வெல?"

"கே.எல். ஆறு, சார்."

இடுக்கி வண்டியின் நம்பர் பலகையில் இருப்பதும் அதே எழுத்து, அதே எண்தான். மண்டிக்கு வரும் கேரளா லாரிக்காரர்களில் இடுக்கிக்காரர்கள் வாக்கு மாறாதவர்கள். அதனால் கலியமூர்த்திக்கு அந்தப் பெயரின் மேல் கொஞ்சம் நம்பிக்கை பிறந்தது. ஆனாலும் நம்பிக்கை வேறு, விலை வேறு. அரை மணி நேரம் பேசினார். மற்ற கூடங்களின் விலையை விசாரித்ததுபோலச் சொன்னார். குடும்பத்தில் இன்னும் ஒன்பது பேர் ரத்தத்தோடு தயாராக இருப்பதாகச் சொன்னார். கடைசியில் நாலாயிரத்து முந்நூறுக்கு முடிந்தது. மேல்கொண்டு சர்க்கரைப் பரிசோதனை ஒன்று இலவசம். அவருக்குச் சர்க்கரை கிடையாது, ஆனால் இலவசத்தை விட்டுவிட்டு வருகிற வழக்கமும் கிடையாது.

மூச்சின் விலையைக் குறைத்த சந்தோஷத்தில் வாசலுக்கு வந்து மூன்று படி இறங்கினார். அங்கேயே மூச்சு வாங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அடகு வைக்க வந்து தயங்குகிறவர் என்று நினைத்து, பக்கத்துக் கடைக்காரர் அன்பாக உள்ளே கூப்பிட்டார்.

கதை சித்திரையில் ஆரம்பித்தது. அவர் போகும் மண்டியில் விலையை வாயால் பேசுவதில்லை. தரகரும் சரக்குக்காரரும் கைகளைச் சேர்த்து, மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார்கள். துண்டுக்குள் நீட்டிய விரல் கணக்கு. மடக்கிய விரல் கணக்கில் இல்லை. சுற்றி நிற்கிறவர்கள் இரண்டு முகங்களையும் பார்த்துக்கொண்டிருக்கலாம், ஒன்றும் தெரியாது. அப்படித் தெரியாமல் வைத்துக்கொள்கிற முகம்தான் தரகரின் மூலதனம். கலியமூர்த்தியின் முகம் இரண்டாயிரத்திலும் பத்தாயிரத்திலும் ஒரே மாதிரி, பல் வலிக்காரர் போல இருக்கும். துண்டுக்குள் விரல் சொன்னது சொன்னதுதான். துண்டை எடுத்த பிறகு மாற்றிப் பேசுகிறவனுக்கு மறுநாள் யாரும் கை கொடுக்க மாட்டார்கள்.

அண்ணாகிராமத்தில் தோப்பு வைத்திருக்கும் லூர்துசாமியிடம் ஒரு லாரி பழம் பேசினார். நூறு பழத்துக்கு விரலுக்கு ஆயிரம் என்று பேச்சு. கலியமூர்த்தி மனசில் மூன்று. மூன்று விரலை நீட்டி மற்றதை மடக்கினார். அப்படித்தான் நினைத்தார். அதிகாலையின் லேசான குளிருக்கே பால் மாதிரி வெளுத்து, பிறகு நாவல்பழ நிறத்துக்கு வந்து, மரத்துப் போயிருந்த மோதிர விரல் மடங்கவில்லை. அது லூர்துசாமியின் உள்ளங்கையில் நான்காவதாக விறைத்து நின்றது. இப்படி ஒரு தரகர் தானாக ஏறி வந்ததில் லூர்துசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே துண்டை எடுத்தார்.

மூன்றுதான் சொன்னேன் என்று கலியமூர்த்தி வாதாடினார். விரலே மடங்க மாட்டேன் என்கிறது என்று கையைத் தூக்கிக் காட்டினார். மண்டி முழுக்கச் சிரித்தது. விரல் மடங்காதவர்கள் பஞ்சு வியாபாரத்துக்குப் போகலாம் என்று யாரோ யோசனை சொன்னார்கள். லாரி முழுக்க அந்த ஆயிரம் வித்தியாசத்தை அவர் தன் பையிலிருந்து கட்டினார்.

பணம் போனதை அவர் மனைவி மலர்க்கொடி பொறுத்துக்கொண்டிருப்பாள். விரலைப் பொறுத்துக்கொள்ள அவள் தயாராக இல்லை. ஒரு வருஷமாகவே பார்த்துக்கொண்டிருந்தாள். தோல் இறுகி, கை மேல் வார்னிஷ் அடித்ததுபோல ஆகிவிட்டது. வாயைத் திறந்தால் முழு இட்லி போவதில்லை. வறட்டு இருமல் வேறு. கேட்டால் மண்டிப் பக்கத்தில் முந்திரி வறுக்கிற புகை என்பார். மாடிக்குத் துணி காயவைக்க ஏறினால் பாதியில் நின்று, தென்னை மரத்தைப் பார்க்கிற மாதிரி பாவனை செய்வார். மூன்று நிமிஷம் பார்க்கிற அளவுக்கு அந்த மரத்தில் ஒன்றுமில்லை. மறுநாளே சிதம்பரம் பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

சிதம்பரத்தில் அவர்கள் பார்த்தது டாக்டர் சத்யப்பிரியாவை. மூட்டு வலி டாக்டர் என்று ஊரில் பேர். காட்டுமன்னார்கோயில் பக்கத்துக்காரர். அளந்து பேசுகிற ஆள், அளவு மட்டும் கொஞ்சம் தாராளம். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். முதுகில் குழாய் வைத்து நெடுநேரம் கேட்டார். ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனை எழுதி, அது வந்ததும் நோயின் பெயரைச் சொன்னார். ஸ்க்ளீரோடெர்மா. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்குகிற நோய். தோலை இறுக்கும், விரலின் ரத்தக் குழாயைச் சுருக்கும், பல பேருக்கு நுரையீரலையும் பிடிக்கும். கலியமூர்த்தி இதைத் தன் பாஷையில் மாற்றிக்கொண்டார். கிடங்குக்கு வைத்த காவல்காரனே பூட்டை உடைக்கிறான்.

"உள்ள சண்ட நடக்குதான்னு இந்த டெஸ்ட்டு ஒரு துப்பு கொடுக்கும் ஐயா," என்றார் டாக்டர். "அடிபட்ட நுரையீரல் ஒரு பொருள விடும். அது ரத்தத்துல கலக்கும். எவ்ளோ கலந்திருக்குன்னு பாக்கறதுதான் கே.எல். ஆறு. இதே முழு முடிவு கெடையாது. ஸ்கேன் எடுத்தாத்தான் உள்ள என்னான்னு கண்ணால பாக்கலாம்."

இதுவும் அவருக்குப் புரிந்தது. சாக்கு கிழிந்த லாரி போகும் வழியெல்லாம் முந்திரிக் கொட்டை சிந்தும். சிந்தினதைப் பொறுக்கிப் பார்த்தால், கிழிசல் எவ்வளவு பெரியது என்று லாரியைப் பார்க்காமலே ஒரு மதிப்புச் சொல்லலாம்.

அப்படித்தான் அவர் திருப்பாதிரிப்புலியூர் கூடத்தில் போய் நின்றதும், ஐந்நூறு ரூபாய் குறைத்ததும். நான்காம் நாள் சித்தார்த் போன் செய்தான். ஐந்நூறுக்குள் இருக்க வேண்டியது, ஆயிரத்து இருநூற்று நாற்பது.

"சரி தம்பி," என்றார் கலியமூர்த்தி. "கடைசியா எவ்ளோ?"

"அதான் சார் ரிசல்ட்டு."

"நீ சொன்னது மொத வெல. முடிக்கற வெலையச் சொல்லு."

ஒரு மனிதர் முப்பது வருஷம் எந்த எண்ணையும் முதல் எண்ணாகவே கேட்டுப் பழகிவிட்டால், நுரையீரல் சொல்கிற எண்ணும் இறங்கி வரும் என்றுதான் நினைப்பார். சித்தார்த் போனை வைத்ததும், இந்தக் கடையில் படியவில்லை, அடுத்த கடை பார்ப்போம் என்று மஞ்சக்குப்பத்தில் இன்னொரு கூடத்துக்குப் போனார். அங்கே ஆயிரத்து இருநூற்று முப்பத்தாறு வந்தது. விசாரித்ததில் இரண்டு கூடமும் ரத்தத்தைச் சென்னையில் ஒரே இடத்துக்கு அனுப்புவது தெரிந்தது. எல்லாரும் கூட்டுச் சேர்ந்துகொண்டு விலையை ஏற்றுகிறான்கள் என்று மலர்க்கொடியிடம் சொன்னார். இருந்தாலும் நாலு குறைத்திருக்கிறேன் என்றார்.

மறுபடி சிதம்பரம். டாக்டர் எண்ணைப் பார்த்தார், இந்த வாரத்திலேயே சி.டி. ஸ்கேன் என்றார். கூடவே குழாயில் ஊதுகிற சோதனை. நுரையீரலில் பிடித்திருந்தால் உடனே மாத்திரை. மாத்திரை எதிர்ப்புச் சக்தியை அடக்கும், அதனால் கூட்டம், தூசி, புகை எல்லாவற்றிலிருந்தும் விலக வேண்டும். அதாவது மண்டி கிடையாது.

மலர்க்கொடி அப்போது கீழே பணம் கட்டுகிற வரிசையில் இருந்தாள். கலியமூர்த்தி நாற்காலியின் நுனிக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, பேரத்தைத் தொடங்கினார். சீசன் ஆடி வரைக்கும். ஒரு வருஷச் சாப்பாடு இந்த மூன்று மாசத்தில்தான் இருக்கிறது. ஏற்கெனவே மண்டியில் சிரிக்கிறான்கள், இப்போது படுத்தால் விரல் விழுந்துவிட்டது என்பான்கள். ஆடி முடியட்டும், வந்து விழுகிறேன், அறுத்துக்கூடப் பாருங்கள்.

"நுரையீரலுக்கு சீசன் தெரியாது ஐயா. இப்ப விட்டது அப்பறம் திரும்பி வராது. இருக்கறதக் காப்பாத்தத்தான் மருந்து."

அவர் தலையை ஆட்டினார். மண்டியில் தலையாட்டலுக்குப் பொருள் கிடையாது. படி இறங்கி வந்து மலர்க்கொடியிடம், டாக்டரம்மா ஒத்துக்கொண்டார், பதினைந்து நாள் கழித்து இன்னொரு தடவை ரத்தம் பார்ப்போம், ஐந்நூறுக்குள் வந்துவிட்டால் ஸ்கேனும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்றார். பல் வலி முகத்தோடு சொன்னார். அவள் நம்பினாள்.

இனி அந்த எண்ணை இறக்க வேண்டும். நல்ல விலைக்குப் போகாத மூட்டையை எப்படித் தள்ளுவது என்று முந்திரி வியாபாரம் தெரிந்தவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. வாய்ப் பக்கம் நல்ல கொட்டையைப் போட்டுக் கட்டினால், மாதிரி பார்க்கிறவன் கையில் அதுதான் வரும்.

நல்ல கொட்டை வீட்டிலேயே இருந்தது. மலர்க்கொடியின் தம்பி இளவரசு. இன்சூரன்ஸ் ஏஜெண்ட். விடியற்காலையில் தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஓடி, ஓடின தூரத்தைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டுத்தான் பல் விளக்குவான். அந்தக் குடும்பத்தில் நுரையீரல் என்று ஒன்று இருந்தால் அது அவனுடையதுதான்.

"எனக்கு ஊசின்னா ஆவாது மாமா."

"ஒரு குத்துதான் மச்சான். எறும்பு கடிச்ச மாதிரி."

"அக்காவுக்குத் தெரிஞ்சா?"

"தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் மொத்தமா விழும். தனியா விழறதவிட மேல்தானே?"

ஓடுவதற்கு ஒரு ஜோடி ஷூ என்று ரத்தம் விலை படிந்தது. சித்தார்த் கலியமூர்த்தியின் முகத்தை ஏழு ஜென்மத்துக்கும் மறக்க மாட்டான் என்பதால் மூன்றாவதாக ஒரு கூடத்திலிருந்து ஆளை இளவரசு வீட்டுக்கே வரவழைத்தார்கள். கலியமூர்த்தி யார் என்று கேட்டபோது இளவரசு கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினான். வயது ஐம்பத்து நாலா என்று வந்தவர் சந்தேகப்பட்டார். தினமும் ஓடுகிறார் என்று கலியமூர்த்தி பக்கத்திலிருந்து விளக்கம் கொடுத்தார்.

இருநூற்றுப் பன்னிரண்டு வந்தது.

வாழ்க்கையில் இப்படி ஒரு விலையை அவர் முடித்ததில்லை. அறிக்கையை மலர்க்கொடியின் கையில் கொடுத்துவிட்டு மறுநாள் விடிவதற்கு முன் மண்டிக்குப் போனார். இரண்டு லோடு பேசினார். விரலை வெந்நீரில் ஊறவைத்துக்கொண்டு போனதால் ஓரளவு மடங்கியது. ஆனால் சரக்கைப் பார்க்க லாரியின் பின்பலகையில் ஏறினபோது, மேலே போய்ச் சேர்ந்தது அவர் பாதிதான். மீதி மூச்சு கீழேயே நின்றுவிட்டது. பலாப்பழங்களின் மேல் உட்கார்ந்து, முள் குத்துவதுகூடத் தெரியாமல், வாயைத் திறந்து திறந்து மூடினார். இருநூற்றுப் பன்னிரண்டு, இருநூற்றுப் பன்னிரண்டு என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். நுரையீரலுக்கு அந்த அறிக்கை போய்ச் சேரவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். கதவைத் திறந்தது யார் என்று ஒரு கணம் தெரியவில்லை.

மொட்டைத் தலை. தலை முழுக்கச் சந்தனம். கழுத்தோரம் அது காய்ந்து வெடித்திருந்தது. நடுவில் மலர்க்கொடியின் முகம், இத்தனை வருஷமாகக் கூந்தலுக்குள் ஒளிந்திருந்த இரண்டு காதுகளோடு, சின்னப் பெண் மாதிரி சிரித்தது.

"திருவந்திபுரம் போயிட்டு வந்துட்டேங்க. ஐந்நூறுக்குக் கீழ எறக்கிக் குடு, முடியக் குடுத்துடறேன்னு பெருமாள்கிட்டப் பேசியிருந்தேன். அவுரு எறக்கிட்டாரு. நாம கடன் வெக்கலாமா?"

இடுப்பைத் தாண்டும் கூந்தல் அது. முடி வாங்குகிற சவுரிக்காரர்கள் தெருவில் வரும்போது அந்த வீட்டு வாசலில் கொஞ்சம் அதிக நேரம் கூவுவார்கள். கலியமூர்த்திக்கு முதலில் மனசில் ஓடியது, அந்த நீளத்துக்கு என்ன விலை போகும் என்பதுதான். பழக்கம். அந்தக் கணக்கு பாதியில் நின்றது. அதற்குப் பின்னால் வந்ததை அவரால் எதனாலும் வகுக்க முடியவில்லை. துண்டுக்குள் கை விட்டு ஏமாற்றும்போது எதிரில் ஒருவன் இருப்பான். அவன் தோற்பான், நாம் ஜெயிப்போம். இந்தத் தடவை துண்டுக்கு அடியில் இருந்த இரண்டு கையும் தன்னுடையதுதான் என்று நினைத்திருந்தார். நடுவில் ஒருத்தி தலையைக் கொண்டுவந்து வைப்பாள் என்று யாருக்குத் தெரியும்?

"ரொம்ப அசிங்கமா இருக்கா?" என்று கேட்டாள்.

இல்லை என்று சொல்ல மூச்சு போதவில்லை. தலையை ஆட்டினார். அதற்கு இந்த முறை பொருள் இருந்தது.

டாக்டரம்மாவுக்குப் பிரசாதம் கொடுத்தே ஆக வேண்டும் என்று மறுநாள் புறப்பட்டாள். அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். மண்டியில் கட்டுகிற அவருடைய துண்டையே வெயிலுக்குத் தலையில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். திருப்பதியா என்று முன் சீட்டு அம்மாள் விசாரித்ததுதான் தாமதம், மலர்க்கொடி கதையை எடுத்தாள். ஆலப்பாக்கம் வருவதற்குள் நாலு சீட்டுக்குத் தெரிந்துவிட்டது. புதுச்சத்திரத்தில் ஏறின கீரைக்காரிக்குக் கண்டக்டரே சொன்னார். எல்லாரும் திரும்பித் திரும்பி கலியமூர்த்தியைப் பார்த்தார்கள். கொடுத்துவைத்த மனுஷன் என்றாள் கீரைக்காரி. அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு இருமினார்.

டாக்டர் அறிக்கையை வாங்கினார். அதைப் பார்த்தார். கலியமூர்த்தியைப் பார்த்தார். மலர்க்கொடியின் தலைத் துண்டைப் பார்த்தார். ஸ்கேன் ஏன் எடுக்கவில்லை என்று கேட்டார். நீங்கள்தான் வேண்டாம் என்று சொன்னீர்களாமே என்றாள் மலர்க்கொடி. டாக்டர் எழுந்து வந்து, கலியமூர்த்தியின் சட்டையைத் தூக்கி முதுகின் அடிப்பக்கத்தில் குழாயை வைத்து மூச்சை இழுக்கச் சொன்னார். ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு, குழாயின் மறுமுனையைத் தன் காதிலிருந்து கழற்றி மலர்க்கொடியின் காதில் மாட்டினார்.

"என்னா கேக்குது?"

மலர்க்கொடி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "மணல்ல கடல வறுக்கறாப்ல கேக்குது டாக்டர்."

"நல்ல நுரையீரல்ல அது கேக்காது. இந்தப் பேப்பர்ல இருக்கறவரு நல்லா இருக்காரு. மூணு வாரத்துல, மருந்தே இல்லாம, யாருக்கும் இது இப்படி எறங்காது. இவரு ஒருத்தரு, பேப்பர்ல இருக்கறவரு வேற ஒருத்தரு. நான் யாருக்கு மருந்து எழுதறதுன்னு நீங்களே சொல்லுங்க."

 மலர்க்கொடி குழாயைக் காதிலிருந்து எடுத்து, பத்திரமாக மேசை மேல் வைத்தாள்.

"யாரு ரத்தங்க அது?"

"உன் தம்பியோடது."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவர் சமாளித்திருப்பார், முப்பது வருஷப் பழக்கம். தலையில் கை வைத்துத் துண்டின் மேலாக ஒரு தடவை தடவினாள்.

"அவனுக்காங்க நான் மொட்ட போட்டேன்?"

டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியதைப் பார்த்தால் அழுகிற மாதிரி இல்லை.

அன்றைக்கே ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டு நுரையீரலிலும் அடிப்பக்கம், உப்புத்தாள் போட்டுத் தேய்த்த கண்ணாடி மாதிரி மங்கல். குழாயில் ஊதினதில் நூற்றுக்கு அறுபத்தெட்டு. முன்னாடியே வந்திருந்தால் என்று டாக்டர் தொடங்கி, மலர்க்கொடியின் முகத்தைப் பார்த்து அந்த வாக்கியத்தை முடிக்காமல் விட்டார். தழும்பாகிப் போனது போனதுதான், மங்கலாக இருப்பதில் கொஞ்சத்தை மருந்து பிடித்து நிறுத்தும் என்றார். மாத்திரை எழுதினார். மண்டி எத்தனை மாசம் கிடையாது என்பதில் பேச்சு வந்தது. குறைந்தது ஆறு மாசம் என்றார் டாக்டர்.

அவ்வளவு ஆன பிறகும் கலியமூர்த்தி வாயைத் திறந்தார். ஒரு மாசம் என்றார்.

"வாயால பேசாதீங்க," என்றாள் மலர்க்கொடி.

தலையில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்தாள். சந்தன வாசனையோடு மொட்டைத் தலை வெளியே வந்தது. மேசை மேல் இருந்த அவர் கையைப் பிடித்து, தன் கையைச் சேர்த்து, மேலே துண்டைப் போட்டாள். கல்யாணமான புதிதில், மின்சாரம் போன ராத்திரிகளில், அவர்தான் விளையாட்டாக இதைச் சொல்லிக் கொடுத்தார். ஒரு விரல் ஒரு முத்தம் என்று அப்போது கணக்கு.

"விரலுக்கு ஒரு மாசம். சொல்லுங்க."

ஒன்று என்று சொல்லத்தான் அவர் ஆள்காட்டி விரலை நீட்டினார். மற்ற நான்கையும் மடக்கப் பார்த்தார். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. கை பனிக்கட்டி. சுண்டு விரல் அசையவில்லை. மோதிர விரல் அசையவில்லை. நடு விரல் கொஞ்சம் யோசித்துவிட்டு நிமிர்ந்துகொண்டது. கட்டை விரல் எப்போதோ கட்சி மாறியிருந்தது. ஐந்து விரலும் அவள் உள்ளங்கையில் நீளமாக, கட்டை கட்டையாகப் படுத்துக் கிடந்தன. அவள் அவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். எண்ணி முடித்த பிறகும் சிறிது நேரம் கையை எடுக்கவில்லை. கொஞ்சம் சூடு ஏறட்டும் என்று வைத்திருந்தாள்போல.

"அஞ்சு," என்று துண்டை எடுத்தாள்.

"ஒண்ணுதாண்டி சொன்னேன். மடங்கல."

"லூர்துசாமிகிட்டயும் இதத்தான் சொன்னீங்க. ஒத்துக்கினாரா?"

தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறது. துண்டுக்குள் சொன்னதை மாற்றினார் என்று நாளைக்குப் பேர் வரக் கூடாது. கலியமூர்த்தி டாக்டரைப் பார்த்தார். ஆறு கேட்டேன், ஐந்துக்கு முடித்துவிட்டீர்கள், பெரிய ஆள்தான் ஐயா நீங்கள் என்றார் டாக்டர். அந்த ஒரு மாசக் குறைப்பை அவர் வாழ்நாள் முழுக்கத் தன் சாமர்த்தியத்தில்தான் சேர்த்துக்கொண்டார்.

இளவரசுவுக்கு வீட்டில் தனியாக விசாரணை நடந்தது. ரத்தம் கொடுத்தவன் விரலையும் கொடுக்கட்டும் என்று தீர்ப்பு. புது ஷூவைப் போட்டுக்கொண்டு அவன்தான் அந்த சீசன் முழுக்க விடிகாலையில் மண்டிக்கு ஓடினான். மாமா போனில் எண்ணைச் சொல்வார், மச்சான் துண்டுக்குள் விரலை நீட்டுவான். விரல் நன்றாக மடங்கியது, ஆனால் முகம் வேலை செய்யவில்லை. விலை ஏறும்போதெல்லாம் புருவமும் கூடவே ஏறும். லூர்துசாமி அவனைக் கண்டாலே அன்போடு டீ சொல்வார்.

வீட்டில் கலியமூர்த்தி மாத்திரைகளோடு பேரம் பேசினார். காலையில் இரண்டு, ராத்திரி இரண்டு. வயிற்றைப் புரட்டும். ஒன்றைக் குறைக்கலாமா என்று கேட்டால் மலர்க்கொடி தலையைத் தடவிக் காட்டுவாள். முழுங்கிவிடுவார். அந்தத் தலையைப்போல எதிர்ப்பேச்சில்லாத வாதத்தை அவர் எந்த மண்டியிலும் சந்தித்ததில்லை.

ஐந்தாம் மாசம் ரத்தம் எடுக்க சித்தார்த்தே வீட்டுக்கு வந்தான். ஆதார் அட்டையைக் கேட்டு வாங்கி, முகத்தையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத்தான் ஊசியை எடுத்தான். எல்லாக் கூடத்துக்கும் கதை போயிருந்தது. கலியமூர்த்தி விலை பேசவில்லை. நாலாயிரத்து எண்ணூறையும் மேல் நூறையும் அப்படியே எடுத்துக் கொடுத்தார். சித்தார்த்துக்குக் கவலையாகப் போய்விட்டது, உடம்பு ரொம்ப முடியவில்லையா சார் என்று கேட்டான்.

அறுநூற்று நாற்பது வந்தது.

சிதம்பரத்தில் டாக்டருக்குச் சந்தோஷம். சரியான பக்கம்தான் போகிறது என்றார். குழாயில் ஊதினதில் எழுபது. இனி பெரிதாக ஏறாது, இறங்காமல் இருந்தால் அதுவே லாபம். மாத்திரை தொடர வேண்டும். மண்டிக்குப் போகலாம், முகக்கவசத்தோடு, வறுக்கிற கொட்டகைப் பக்கம் மட்டும் தலை காட்டக் கூடாது. மாடிப்படியில் நடுவில் ஒரு முறை நிற்க வேண்டி வரும், நின்றால் குற்றமில்லை.

திரும்பும் பஸ்ஸில் மலர்க்கொடி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். முடி மூன்று விரற்கடை வளர்ந்திருந்தது. காற்றுக்குப் படியாமல் நெல் நாற்று மாதிரி நட்டுக்கொண்டு நின்றது.  பரங்கிப்பேட்டை பிரிவு தாண்டினதும் கேட்டாள்.

"பெருமாள்கிட்ட நாம பேசினது ஐந்நூறுக்குக் கீழதானே?"

"ஆமா."

"முடிய மொத்தமா வாங்கிட்டாரே."

"நீதான் சரக்கு வர்றதுக்கு முன்னாடியே முன்பணத்தக் கட்டிட்டியே."

"பொய்ப் பேப்பர நீட்டினது யாரு?"

 அவர் விரலை எண்ணுகிற பாவனையில் கையைப் பார்த்தார். வெயில் பட்டதில் நுனியெல்லாம் லேசாகச் சிவந்திருந்தது. சுண்டு விரல் கொஞ்சம் மடங்கியது. மலர்க்கொடி அவர் தோளிலிருந்து துண்டை எடுத்து அந்தக் கையின் மேல் போட்டு, தன் கையையும் உள்ளே விட்டாள். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டு முகமும் பல் வலிக்காரர்கள் போலத்தான் இருந்தன.

புதுச்சத்திரம் வருவதற்குள் கலியமூர்த்தி கணக்கை முடித்துவிட்டார். இறங்கியிருக்க வேண்டியது, எழுநூற்று நாற்பது. வரவு, இடுப்பைத் தாண்டும் கூந்தல் ஒன்று, முழுசாக, முன்கூட்டியே. இறங்கினது அறுநூறு. பெருமாள் பேரில் பாக்கி, நூற்று நாற்பது.